வளர்ச்சி இல்லை: தாம்பரத்திலிருந்து ஒரு நிமோனியாக் கணக்கு

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்கி மெப்ஸ் வளாகத்துக்கு நடந்து போன காலத்தில், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்ததே இல்லை. குரோம்பேட்டை மாதிரி, பல்லாவரம் மாதிரி அதுவும் ஒரு ஊர்ப் பெயர், அவ்வளவுதான். காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே, நல்ல காற்றும் வெயிலும் உள்ள இடத்தில் தங்கவைத்து வைத்தியம் பார்க்கும் இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அதைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில், மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜன்கூட 1917 வாக்கில் கொஞ்ச காலம் அங்கே நோயாளியாக இருந்திருக்கிறார். தாம்பரத்து சானடோரியத்தை 1937-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அதே 1928-இல், லண்டனில் ஒரு அரசாங்க மருத்துவர் நிமோனியாவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த ஊரில், எந்த வருஷம், எந்த வகை நிமோனியாக் கிருமி அதிகம் என்று எண்ணிப் பார்த்த கட்டுரை. அந்த எண்ணிக்கை வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அது ஏன் எனக்கு முக்கியமாகப் பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் ஃபைல்

2011 ஜனவரி. அப்பாவுக்கு வயது 68. சிட்லபாக்கத்தில் எங்களோடுதான் இருந்தார். மார்கழிப் பனியில் கோயிலுக்குப் போய் வந்ததில் சளி பிடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டாம் நாள் காய்ச்சல் ஏறியது. நான்தான் மருந்துக் கடைக்குப் போய் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை உள்ள அட்டை ஒன்றை வாங்கி வந்தேன். மருந்துச் சீட்டு எதுவும் கிடையாது. ஆபீசில் பாதிப்பேர் அப்படித்தான் வாங்குவார்கள், நானும் வாங்கினேன். நான்காம் நாள் காலை அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள் அப்பா போய்விட்டார்.

கையில் கொடுத்த ஃபைலில் ஒரு வரி: 'ரத்தக் கல்ச்சர்: வளர்ச்சி இல்லை.' கிருமி ஒன்றும் இல்லை என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஒன்பது வருஷம் கழித்து, 2020 ஊரடங்கில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்த ஃபைல் கையில் அகப்பட்டது. ஊரே கிருமிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். நானும் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, படித்தது பி.இ.; பிழைப்பு மென்பொருள். ஆனால் ஒரு பிழைச் செய்தியைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்க்கிற பழக்கம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. 'வளர்ச்சி இல்லை' என்பதை ஒரு பிழைச் செய்தியாக எடுத்துக்கொண்டு தோண்டினேன்.

மூக்கில் குடியிருக்கும் கிருமி

நிமோனியா பல கிருமிகளால் வரும். வைரஸாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும். பாக்டீரியாக்களில் நூறு வருஷத்துக்கும் மேலாக முதல் இடத்தில் இருப்பது நிமோகாக்கஸ். 1881-இல் பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள்.

இது எங்கிருந்தோ பறந்து வந்து தாக்குகிற கிருமி இல்லை. நம் மூக்கின் பின்பக்கத்தில்தான் குடியிருக்கிறது, குறிப்பாகக் குழந்தைகளின் மூக்கில். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கைக்குழந்தைகளைப் பரிசோதித்தபோது, இரண்டு மாதக் குழந்தைகளிலேயே பாதிப்பேரிடம் இது இருந்தது. பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சில நேரம் காதுக்குப் போகும், சீழ் வடியும். சில நேரம் நுரையீரலுக்குள் இறங்கும். ரத்தத்திலும் மூளை உறையிலும் புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோரை அது அதிகம் வீழ்த்துகிறது.

இதன் மேல் ஒரு சர்க்கரை உறை உண்டு. அதுதான் அதன் கவசம். நம் உடலின் காவல்காரர்கள் கிருமியை அடையாளம் பிடிப்பதும் அந்த உறையை வைத்துத்தான். காலை எட்டு மணிக்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றால், யூனிஃபார்மைப் பார்த்தே எந்த ஸ்கூல் பிள்ளை என்று சொல்லிவிடலாம் இல்லையா, அந்த மாதிரி. சிக்கல் என்னவென்றால், நிமோகாக்கஸில் நூறுக்கும் மேற்பட்ட யூனிஃபார்ம்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்: வகை 1, வகை 5, வகை 14, வகை 19எஃப் என்று போகும். வகை 14-ஐ அடையாளம் தெரிந்த உடலுக்கு வகை 1 வந்தால் தெரியாது. ஆகவே தடுப்பூசி செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஊரில் எந்த யூனிஃபார்ம் நடமாடுகிறது?

தங்கச் சுரங்கத்தில் ஒரு பாடம்

இந்தக் கேள்வியைக் கேட்க மறந்தால் என்ன ஆகும் என்பது 1911-லேயே தெரிந்துவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள தங்கச் சுரங்கங்களுக்கு வெப்ப நாடுகளிலிருந்து கூட்டி வரப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் நிமோனியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நெருக்கடியான கொட்டடிகள், சுரங்கத்தின் தூசி, குளிர். சுரங்க முதலாளிகளுக்கு ஆள் நஷ்டம். டைபாய்டு தடுப்பூசியால் புகழ்பெற்ற ஆல்ம்ராத் ரைட்டை லண்டனிலிருந்து வரவழைத்தார்கள். அவர் நிமோகாக்கஸைக் கொன்று தடுப்பூசியாக்கி ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டார். பலன் தெளிவாக இல்லை. நிமோகாக்கஸ் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பில் செய்த வேலை அது.

அதே ஊரில் ஸ்பென்சர் லிஸ்டர் என்பவர் பொறுமையாக உட்கார்ந்து, நோயாளிகளிடமிருந்து கிடைத்த கிருமிகளை வகை பிரித்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1913-இல், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வகத்திலும் ஒரு பட்டியல் போட்டார்கள்: வகை ஒன்று, இரண்டு, மூன்று, இவற்றில் சேராத மிச்சம் எல்லாம் நான்காவது கூட்டம். நியூயார்க் பட்டியலும் ஜோஹன்னஸ்பர்க் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. லிஸ்டர் தன் சுரங்கத்தில் அதிகம் காணப்பட்ட வகைகளை வைத்துத் தடுப்பூசி செய்ய முயன்றார். அந்த ஊர் நோய்க்கு அந்த ஊர்ப் பட்டியல் என்ற யோசனை அங்கேதான் வேர்விட்டது.

இனி 1928 லண்டன் கட்டுரை. எழுதியவர் ஃப்ரெடெரிக் கிரிஃபித், பிரிட்டிஷ் சுகாதாரத் துறை ஆய்வக மருத்துவர். இவரைப் பற்றி பிளஸ் டூ உயிரியலில் எல்லோரும் படித்திருப்போம்: செத்துப்போன மூன்றாம் வகைக் கிருமியையும், உறையை இழந்த இரண்டாம் வகைக் கிருமியையும் சேர்த்து எலிக்குப் போட்டார், எலி செத்தது, எலியின் ரத்தத்தில் உயிருள்ள மூன்றாம் வகை இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் 1944-இல் ஏவரி குழுவினர் மரபுப் பொருள் டி.என்.ஏ.தான் என்று காட்டினார்கள். ஆனால் கிரிஃபித் மரபணுவைத் தேடிப் போகவே இல்லை. அவர் நிமோனியா நோயாளிகளின் சளியை வாங்கி, வருஷா வருஷம் எந்த வகை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டாம் வகை குறைந்துகொண்டே வந்தது, நான்காவது கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. வகை எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போய்த்தான் அந்த எலிச் சோதனை. பாடப்புத்தகத்தில் எலி நின்றுவிட்டது, எண்ணிக்கை விழுந்துவிட்டது. 1941-இல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் கிரிஃபித் இறந்துபோனார்.

பிறகு பென்சிலின் வந்தது. வகை பார்த்து மருந்து கொடுக்கும் அவசியம் போனது. எல்லா யூனிஃபார்முக்கும் ஒரே அடி. எண்ணும் ஆட்களும் குறைந்துபோனார்கள்.

வேலூரில் எண்ணத் தொடங்கினார்கள்

இந்தியாவில் எந்த வகை அதிகம்? பல ஊர்களைச் சேர்த்து, ஒரே முறையில் எண்ணிச் சொன்ன பெரிய பதில் 1999-இல்தான் வந்தது. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் குரியன் தாமஸ் முன்னின்று நடத்திய ஆய்வு அது. 1993 முதல் 1997 வரை, வடக்கே டெல்லி, லக்னோவிலிருந்து தெற்கே சென்னை, திருவனந்தபுரம் வரை ஆறு பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து, நிமோனியா, மூளைக்காய்ச்சல் மாதிரி கடும் தொற்றோடு வந்தவர்களின் ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் கல்ச்சர் செய்து பார்த்தார்கள்.

நான்கு வருஷத்தில், ஆறு மருத்துவமனைகளில், ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் தேடி, கையில் கிடைத்த நிமோகாக்கஸ் 300-க்குச் சற்று மேல். இவ்வளவு குறைவாகவா என்று முதலில் படிக்கும்போது நானும் கேட்டேன். காரணத்தைப் பிறகு பார்ப்போம். அந்த 300 சொன்ன செய்திகள் பெரியவை.

ஒன்று, வகை 1-ம் வகை 5-ம் சேர்ந்தே ஏறத்தாழ 30 சதவீதம்.

இரண்டு, கோ-டிரைமாக்சசோல் மருந்துக்குப் பாதிக்கும் மேற்பட்ட கிருமிகள் அசையவில்லை. அந்த நாட்களில் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் கையில் குழந்தை நிமோனியாவுக்கென்று அரசு கொடுத்துவைத்திருந்த மாத்திரையே அதுதான். பென்சிலின் அப்போதும் நன்றாக வேலை செய்தது.

மூன்று, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்து, கிருமியும் கண்டுபிடிக்கப்பட்ட நிலையிலேயே ஐந்தில் ஒருவர் இறந்தார்.

இதற்கு அடுத்த வருஷம், 2000-இல், அமெரிக்காவில் குழந்தைகளுக்கான முதல் நிமோகாக்கல் தடுப்பூசி வந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடலுக்கு வெறும் சர்க்கரை உறையைக் காட்டினால் பாடம் ஏறாது. அதை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் ஏறும். அந்த நுட்பத்தில் செய்த ஊசி. ஏழு வகைகள் கொண்டது: 4, 6பி, 9வி, 14, 18சி, 19எஃப், 23எஃப். அமெரிக்கக் குழந்தைகளிடம் அதிகம் இருந்த ஏழு அவை.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். வகை 1 இல்லை. வகை 5 இல்லை. நம்மூர்க் கணக்கில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிய இரண்டு வகைகள் அந்த ஊசியில் கிடையாது. இதில் சதி எதுவும் இல்லை. அவர்கள் ஊரை அவர்கள் எண்ணினார்கள், அதற்கேற்ப ஊசி செய்தார்கள். நாம் எண்ணி முடிக்கும் முன்பே அந்த ஊசியின் வடிவமைப்பு முடிந்திருந்தது.

'ஆப்ஷனல்தானே சார்?'

2009-இல் எனக்கு மகள் பிறந்தாள். தடுப்பூசி அட்டையில் கட்டாயம் போட வேண்டியவை ஒரு பக்கம், விருப்பப்பட்டால் போடலாம் என்பவை இன்னொரு பக்கம். நிமோகாக்கல் இரண்டாவது பக்கத்தில் இருந்தது. ஒரு ஊசி நாலாயிரத்தை ஒட்டிய விலை, மொத்தம் நான்கு ஊசி. வீட்டுக்கடன் தவணை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

"ஆப்ஷனல்தானே சார்?" என்றேன்.

"ஆப்ஷனல்தான். முடிஞ்சா போட்டுடுங்க" என்றார் குழந்தை டாக்டர்.

போடவில்லை. மென்பொருள் சம்பளக்காரனான எனக்கே அந்தத் தயக்கம் என்றால், அதே தெருவில் வீட்டுவேலை செய்பவரும் ஆட்டோ ஓட்டுபவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊரடங்கில் படித்தபோது என்னை உட்காரவைத்த தகவல் இது: அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஊசி போட ஆரம்பித்த சில வருஷங்களிலேயே, ஊசியே போடாத தாத்தா பாட்டிகளிடமும் இந்த நோய் குறைந்தது. குழந்தையின் மூக்கில் கிருமி இல்லையென்றால், மடியில் வைத்துக் கொஞ்சுகிறவருக்கு அது போவதில்லை. தினமும் சாயங்காலம் என் மகளைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனவர் அப்பா.

அப்பாவுக்கு வந்தது நிமோகாக்கஸ்தானா, பாப்பாவிடமிருந்துதானா, அந்த ஏழில் ஒன்றா, இல்லாத 1-ஆ, 5-ஆ? ஃபைலில் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. வளர்ச்சி இல்லை.

ஏன் வளரவில்லை?

நிமோகாக்கஸ் ரொம்ப நோஞ்சான் கிருமி, உடலுக்கு வெளியே. அதை வளர்க்க ரத்தம் கலந்த ஊட்டக் கூழ் வேண்டும். ஆட்டு ரத்தம் சிறந்தது. கரியமில வாயு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். போதாததற்கு அதற்குள்ளேயே ஒரு நொதி இருக்கிறது, வளர்ந்து முடிந்ததும் தன் சுவரைத் தானே கரைத்துக்கொள்ளும். சாம்பிள் நேரத்தோடு லேபுக்குப் போகாவிட்டால், அல்லது பாட்டிலைப் பார்க்கத் தாமதமானால், பார்க்க ஒன்றும் இருக்காது.

எல்லாவற்றுக்கும் மேல், ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தாலும் கல்ச்சரில் வளரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். நோய் குணமாகும் அளவுக்கு மருந்து வேலை செய்திருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டிலில் வளர விடாத அளவுக்குச் செய்தால் போதும். நான் வாங்கிக் கொடுத்த மூன்று மாத்திரைகள் அதைச் செய்திருக்கும்.

இப்போது 300 என்ற எண்ணுக்கு வருவோம். நம் நாட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளி, வழியில் மருந்துக் கடையிலோ தெருமுனை கிளினிக்கிலோ ஏதாவது ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் வருகிறார். அதனால் கல்ச்சரில் கிடைக்கிற ஒவ்வொரு கிருமிக்கும் பின்னால், கிடைக்காமல் போனவை எத்தனையோ. எங்கள் தொழிலில் லாக் எழுதாத சர்வரைப் பார்த்து 'பிழையே இல்லை' என்று மேலதிகாரியிடம் சொன்னால் வேலை போய்விடும். நோய் விஷயத்தில் அதைத்தான் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டு வரைபடங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் குழந்தை இறப்பு அதிகமுள்ள நாடுகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. இந்தியாவில் அரசுத் திட்டத்துக்குள் இது நுழைந்தது 2017 மே மாதம், இமாச்சலப் பிரதேசத்தின் மண்டியில். கூடவே பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் சில மாவட்டங்கள். அடுத்து மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். தமிழ்நாட்டுக்கு வந்தது 2021-இல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளாவும்தான். நன்றாகத் தடுப்பூசி போடுகிற மாநிலம் என்பதால் அங்கே முதலிடம். நிமோகாக்கலில் காத்திருப்போர் வரிசை. காரணம் இறப்புக் கணக்கு. 2015-இல் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 68,700 குழந்தைகள் நிமோகாக்கஸால் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அதில் பெரும்பங்கு உ.பி., பீகார், ம.பி., ராஜஸ்தான். ஊசியோ விலை அதிகம், கைவசம் குறைவு. இறப்பு அதிகமான இடத்துக்கு முதலில் என்ற முடிவை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்த வரைபடத்தைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அது கிருமி எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் இல்லை. நம்மூர்க் கைக்குழந்தைகளின் மூக்கிலும் கிருமி இருக்கத்தான் செய்கிறது. நிமோனியா வந்த குழந்தை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும் சீக்கிரம் போய்ச் சேர்கிற மாநிலத்தில் சாவு குறைகிறது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள், விறகடுப்புப் புகை, ஒரே அறையில் ஆறு பேர் ஆகியவை எங்கே அதிகமோ அங்கே சாவு கூடுகிறது. ஆக, இறப்பு வரைபடம் என்பது பாதி வறுமையின் வரைபடம், மீதி ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரத்தின் வரைபடம். கிருமியின் வரைபடம் வேறு, அதைக் கல்ச்சர் பாட்டில்தான் வரைய முடியும். இறப்பு வரைபடத்தை மட்டும் பார்த்து, இங்கே கிருமியே குறைவு என்று முடிவு கட்டினால், எந்த வகை நடமாடுகிறது என்று தேடும் வேலையே நின்றுபோகும்.

அந்த வரைபடத்தின் பலன் கடைசியில் ஒரு பாட்டிலில் வந்து சேர்ந்தது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த நிமோசில் 2020 டிசம்பரில் வெளியானது. பத்து வகைகள்: 1, 5, 6ஏ, 6பி, 7எஃப், 9வி, 14, 19ஏ, 19எஃப், 23எஃப். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எண்ணிப் பார்த்துத் தேர்ந்த பட்டியல் இது. 1-ம் 5-ம் முதலிலேயே நிற்கின்றன. ஏழைநாடுகளுக்கு ஒரு ஊசி 2 டாலர் என்று விலை வைத்தார்கள். லிஸ்டர் ஜோஹன்னஸ்பர்க்கில் ஆரம்பித்த யோசனை நம் குழந்தைகளின் தொடைக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கணக்கு முடியவில்லை

ஊசி வந்துவிட்டதால் எண்ணுவதை நிறுத்திவிடலாமா? கூடாது. அமெரிக்காவில் ஏழு வகை ஊசி அந்த ஏழையும் விரட்டியதும், காலியான இடத்துக்கு ஊசியில் இல்லாத 19ஏ வந்து உட்கார்ந்தது. அதற்காகப் புது ஊசி செய்ய வேண்டியதாயிற்று. இங்கேயும் பத்து வகை போனால் பதினோராவது வரும். அது எது என்று சொல்ல வேலூரில் ஆள் இருக்கிறார்கள். தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்கே இந்தக் கிருமிக்கான ரெஃபரன்ஸ் லேப் சி.எம்.சி.யில்தான் இயங்குகிறது. ஆனால் தாம்பரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் சாம்பிள் போய்ச் சேர்ந்தால்தானே அவர்களால் சொல்ல முடியும்?

பெரியவர்கள் விஷயம் இன்னும் பின்தங்கியிருக்கிறது. ஒரே ஒரு உதாரணம். வெல்டிங் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு நிமோகாக்கல் நிமோனியா வரும் வாய்ப்பு அதிகம். பிரிட்டனில் வெல்டர்களுக்கு இந்தத் தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறார்கள். 2015-இல் பெல்ஃபாஸ்ட் கப்பல் தளத்திலும் 2019-இல் ஃபின்லாந்தின் டுர்க்கு கப்பல் தளத்திலும் தொழிலாளர்களிடையே இந்த நோய் கூட்டமாகப் பரவியதைக் கண்டுபிடித்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ரத்தக் கல்ச்சரில் நிமோகாக்கஸ் திரும்பத் திரும்ப வந்ததால். முடிச்சூர் சாலையிலிருந்து படப்பை, ஒரகடம் வரை எத்தனை வெல்டிங் பட்டறைகள் இருக்கின்றன என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். அங்கே வேலை செய்கிற ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்தால், அவனும் என்னைப் போலவே மருந்துக் கடைக்குத்தான் போவான்.

இத்தனையும் படித்த பிறகு என்னிடம் மிஞ்சியது இரண்டு நடைமுறை விஷயங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், ஆன்டிபயாடிக்கை நாமே ஆரம்பிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். ஏற்கெனவே ஏதாவது விழுங்கியிருந்தால், திட்டுவார்கள் என்று மறைக்காமல் மாத்திரை அட்டையோடு சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, முதல் ஊசி ஏறும் முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கிறேன் என்று டாக்டர் சொன்னால், பில்லைக் கூட்டத்தான் என்று சந்தேகப்படாமல் சரி என்று சொல்ல வேண்டும். நம் வீட்டு நோயாளிக்கு அந்த முடிவு உதவலாம், உதவாமலும் போகலாம். அடுத்த ஊசியில் எந்த வகை இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற பட்டியலில் நம் ஊரும் ஒரு வரியாக இருக்கும்.

போன மாதம், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் பேரனுக்கு ஒன்பதாம் மாத ஊசி. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு நேரே வீட்டுக்கு வந்தார், அட்டையில் அடுத்த தேதி என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொல்லி. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம்: நிமோகாக்கலுக்கு நேரே மூன்று தேதிகளும் இருந்தன, காசில்லாமல் போட்டது. "இது எதுக்குப்பா போடுறாங்க?" என்று அக்கா கேட்டார்.

"மார்ச்சளி வராம இருக்கக்கா" என்றேன். "இவன் மூலமா உங்களுக்கும் வராம இருக்க."

அப்பாவின் ஃபைலைத் தூக்கிப் போடவில்லை. பீரோவிலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில், மருந்து விவரம் எழுதுகிற இடத்தில், ஆஸ்பத்திரிக்கு வருமுன் எதுவும் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்தத் தகவலைக் கொடுத்தது நான்தான். பயத்தில் மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் சரியான விவரத்தை இப்போது எழுதி வைத்திருக்கிறேன்: அசித்ரோமைசின், இரண்டாம் நாளிலிருந்து, மூன்று மாத்திரை.